ஒரே வாளியில் கழுவிய கிளாஸ்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசிய நண்பர்கள் நம் மாநிலக் கல்லூரியின் பெருமையில் ஒன்றையும் எனக்கு மிச்சம் வைக்கவில்லை. 1840இல் வித்திட்ட கதையைச் சொல்லிவிட்டார்கள். சர் சி.வி.ராமனும் சந்திரசேகரும் படித்த வகுப்பறைகளைச் சொல்லிவிட்டார்கள். எனக்கு மிச்சமிருப்பது டீ ஒன்றுதான். செயலாளர் போன வாரம் போனில் கூப்பிட்டு, "நீ பேசப் போறது சாப்பாட்டுக்கு முன்னாடி. சீரியஸா ஆரம்பிச்சே, ஜனங்க எழுந்து போயிடுவாங்க. நாம சுத்தின டீக்கடை, மிட்டாய்க்கடை பத்திப் பேசு" என்றார். இந்த அரங்கில் பாதிப் பேருக்குச் சர்க்கரை. மீதிப் பேர் இன்னும் டெஸ்ட் எடுக்காதவர்கள். இவர்கள் முன்னால் இனிப்பைப் பற்றிப் பேசச் சொல்வது என்ன நியாயம்? இருந்தாலும் செயலாளர் ஆணை. பேசுகிறேன்.

என் சொந்த ஊர் ஆலங்காயம். ஜவ்வாது மலையின் அடிவாரம். வாணியம்பாடியில் ரயிலை விட்டிறங்கிப் பஸ் பிடிக்க வேண்டும். அன்று அது வடஆற்காடு மாவட்டம். 2019 முதல் திருப்பத்தூர் மாவட்டம். ஆலங்காயம் தாண்டி மலையேறினால் காவலூர். 1968இல் அங்கே தொலைநோக்கி வைத்து நட்சத்திரம் பார்க்கத் தொடங்கினார்கள். 1986இல் திறந்த பெரிய தொலைநோக்கிக்கு வைணு பாப்பு அவர்களின் பெயரையே வைத்தார்கள். சின்ன வயசில் அந்த வெள்ளைக் கூண்டைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் இயற்பியல் எடுத்தேன். மலையிலிருந்து சாமையும் புளியும் தேனும் இறங்கும். தேன் இருக்கிற ஊர் என்பதால் இனிப்புக்குக் குறைவில்லை. ஆனால் ஆசைப்பட்ட நாளில் நாலு பேர் கடையில் போய் உட்கார்ந்து இனிப்புத் தின்பது என்ற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. இனிப்பு என்றால் பண்டிகை, கல்யாணம், இல்லை யாராவது ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா வாங்கி வந்தால் உண்டு.

1979இல் இங்கே சேர்ந்தேன். விக்டோரியா விடுதியில் இடம் கிடைத்தது. அங்கே சேர்ந்த கூட்டு நாங்கள் நாலு பேர். பெயர் சொல்லக்கூடாது என்று அதில் ஒருவன் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறான். காரணம் பிறகு தெரியும். அதனால் விடுதியில் ஒருவரையொருவர் கூப்பிட்டபடியே சொல்கிறேன். நான் ஃபிசிக்ஸ். வாணியம்பாடித் தோல் வியாபாரக் குடும்பத்துப் பையன் ஒருவன், அவன் கெமிஸ்ட்ரி. "உங்க ஊர்லயே 1919லேர்ந்து இஸ்லாமியா காலேஜ் இருக்கு, இங்க எதுக்குடா வந்தே?" என்று கேட்டால், "வீட்டுக்குத் தெரியாம நாலு டீ குடிக்கத்தாண்டா" என்பான். மயிலாப்பூரிலிருந்து தினமும் வந்து போகிற பையன் ஹிஸ்டரி. விடுதியில் அவனுக்கு இடமில்லை. ஆனால் என் கட்டிலில் பாதி அவனுடையது. நாலாவது ஆள் மேத்ஸ். ஆலங்காயம் அரசுப் பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். ஆலங்காயத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் காலனியிலிருந்து வந்தவன். அந்தக் காலனியில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள்.

எங்களிடம் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்தது. மாசப் பிறப்பில் ஆளுக்கு ஐந்து ரூபாய் அதில் போட வேண்டும். அந்த இருபது ரூபாய்தான் எங்கள் ஊர்சுற்று நிதி. கணக்கு எழுதுவது மேத்ஸ். அவனுக்கு ஸ்காலர்ஷிப் பணம் நாலு மாசத்துக்கு ஒரு தரம்தான் வரும். அதுவரை அவன் பெயருக்கு நேரே பாக்கி என்று எழுதிக்கொள்வான். வந்த அன்று முழுப் பாக்கியையும் எண்ணி வைப்பான். "இருக்கட்டும்டா" என்று ஹிஸ்டரி ஒரு முறை சொன்னபோது, "அப்படின்னா நான் வரல" என்று எழுந்துவிட்டான். அதற்கப்புறம் யாரும் சொல்லவில்லை.

எங்கள் முதல் பாடசாலை திருவல்லிக்கேணி. அங்கேயும் மவுண்ட் ரோடிலும் அப்போது இரானி டீக்கடைகள் இருந்தன. பாலைத் தனியாகச் சுண்டக் காய்ச்சுவார்கள், டிக்காக்ஷனைத் தனியாக இறக்குவார்கள், கிளாஸில்தான் இரண்டும் சேரும். எங்கள் ஊரில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்கவிட்ட டீயையே குடித்துப் பழகிய எனக்கு அது வேறு பானமாகவே தெரிந்தது. கெமிஸ்ட்ரிதான் எங்களுக்கு வழிகாட்டி. "இன்னாடா இது, பாயசம் மாதிரி இருக்கு?" என்றான் மேத்ஸ். "மெதுவாக் குடி. டீ அவசரத்துக்கு இல்ல, பேச்சுக்கு" என்றான் கெமிஸ்ட்ரி. கொழும்பிலிருந்து வந்த ஏ.எம்.புகாரி அவர்கள் 1951இல் மவுண்ட் ரோடில் தொடங்கிய ஓட்டலுக்கும் போனோம். சிக்கன் 65 அங்கேதான் பிறந்தது என்பார்கள். அதன் வாசனையை மட்டும் இலவசமாக வாங்கிக்கொண்டு, டீயும் சமோசாவுமாக முடித்துக்கொள்வோம். ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கு அதற்குமேல் தெம்பில்லை.

அதே திருவல்லிக்கேணியில்தான் ரத்னா கபே. வடக்கே மதுராவிலிருந்து வந்த குப்தா ஒருவர் 1948இல் தொடங்கி, சாம்பாரில் புகழ் பெற்ற கடை. தமிழனுக்குச் சாம்பார் ஊற்றிப் பேர் வாங்கினார் ஒரு வடநாட்டுக்காரர்! இட்லி மூழ்கிவிடும், மறுபடியும் வாளியோடு வந்து ஊற்றுவார்கள். பக்கத்திலேயே பாஷா ஹல்வாவாலா கடைத் தம்ரூட். ரவை, பால்கோவா, நெய். கனல் போட்டுத் தம் கட்டி எடுத்தால் மேலே பொன்னிறமாக ஓர் ஏடு நிற்கும். அந்த ஏட்டுக்காக நாங்கள் போட்ட சண்டையில் ஒன்று விடுதி வார்டன் வரைக்கும் போயிருக்கிறது.

ஹிஸ்டரியின் ராஜ்யம் மயிலாப்பூர். மாட வீதி முனையில் 1927 முதல் இருக்கிற காளத்தி பேப்பர் கடை. பேப்பர் கடையில் ரோஸ் மில்க்! சில்லென்று ஒரு கிளாஸ் குடித்தால் கோயில் குளத்தை இரண்டு சுற்றுச் சுற்றலாம். தீபாவளி சமயத்தில் தங்கசாலைத் தெரு. சௌகார்பேட்டை சந்துகளில் காக்கடா ராம்பிரசாத் கடை ஜிலேபியைச் சுடச்சுட இலைத் தொன்னையில் வாங்கி, தெருவிலேயே நின்று, விரலைச் சுட்டுக்கொண்டு தின்றோம். பரீட்சை முடிந்தால் கத்தீட்ரல் ரோடு உட்லண்ட்ஸ் டிரைவ்-இன். 1962இல் திறந்தது. காரில் வருபவர்களுக்குக் காரிலேயே தட்டு கொண்டுவந்து மாட்டுவார்கள். நாங்கள் நடந்து போய் உள்ளே உட்காருவோம். நம் வகுப்புத் தோழியர்களோடு சேர்ந்து உட்கார்ந்து காபி குடித்தது அந்த ஓர் இடத்தில்தான். தோழியர்கள் இங்கே சிரிக்கிறீர்கள். டீக்கடைப் பெஞ்சில் உங்களுக்கு அன்றைக்கு இடமிருந்ததா? இல்லை. அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

இனி, நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம்.

கல்லூரி திறந்த முதல் வாரம், திருவல்லிக்கேணியில் சின்ன டீக்கடை ஒன்று. நாங்கள் மூன்று பேரும் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டோம். மேத்ஸ் வெளியே நிற்கிறான். "வாடா" என்றால், "இங்கியே இருக்கேன், காத்து வருது" என்கிறான். கெமிஸ்ட்ரி எழுந்து போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்தான். டீ வந்தது, குடித்தோம். குடித்து முடித்ததும் மேத்ஸ் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு இப்படியும் அப்படியும் பார்க்கிறான். தண்ணீர் எங்கே இருக்கிறது என்று தேடுகிறான். கழுவி வைக்க! கடைப் பையன் வந்தான், அவன் கையிலிருந்த கிளாஸை வெடுக்கென்று வாங்கினான், எங்கள் கிளாஸோடு சேர்த்து நாலையும் ஒரே வாளியில் முக்கி எடுத்துக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டான். அந்தப் பையனுக்கு அது ஒன்றுமே இல்லை. மேத்ஸ் அந்த வாளியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் ஊர்க் கடையின் வழக்கம் வேறு. காலனிக்காரர்களுக்குத் தனியாக அலுமினியத் தம்ளர், கூரை ஓலையில் செருகியிருக்கும். அவர்களே எடுக்க வேண்டும். டீயை மேலேயிருந்து ஊற்றுவார்கள். பெஞ்சு கிடையாது, தரையில் குந்தித்தான் குடிக்க வேண்டும். குடித்த தம்ளரைக் கழுவித் திரும்ப ஓலையில் செருக வேண்டும். காசை மட்டும் கையில் வாங்கிக்கொள்வார்கள். காசுக்குத் தீட்டில்லை.

நண்பர்களே, ஒன்றை யோசித்துப் பாருங்கள். தமிழ்நாட்டுக்கு டீ நேற்று வந்தது. 1930களில்கூட டீ விற்பனையைப் பெருக்க அமைத்த வாரியத்தின் ஆட்கள், வண்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய், இலவசமாகப் போட்டுக் கொடுத்து நம் ஜனங்களைப் பழக்கினார்கள். இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டுகிற சி.டி.சி. முறை அஸ்ஸாமில் 1930களில்தான் வந்தது. அந்தத் தூள் பரவிய பிறகுதான் குறைந்த காசில் திக்கான டீ ஏழைக்குக் கிடைத்தது. எந்தச் சாஸ்திரத்திலும் டீயைப் பற்றி ஒரு வரி கிடையாது. எந்த முனிவரும் டீ குடித்ததில்லை. அப்படி நேற்று வந்த பானத்துக்கு எப்படி இரண்டு தம்ளர் வந்தது? பானம் புதுசு, மனசு பழசு. பழைய மனசு புதுப் பாத்திரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அவ்வளவுதான்.

இதைக் கேட்டுப் பட்டணம் புனிதமானது, கிராமம் பாவப்பட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஹிஸ்டரி எங்களுக்கு இதை நன்றாக எடுத்துச் சொன்னான். ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்குத் தனி இடம், மற்றவருக்குத் தனி இடம் என்று இருந்ததை, பெரியாரின் இயக்கம் எதிர்த்த பிறகு, 1941இல்தான் எடுத்தார்கள். நாங்கள் டீ குடித்த அதே திருவல்லிக்கேணியில், ஓட்டல் பலகையில் பிராமணாள் என்று போடக்கூடாது என்று 1957இல் முரளி கபே முன்னால் மறியல் தொடங்கி மாதக்கணக்கில் நடந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். நம் அரசியல் சாசனத்தின் 15ஆவது பிரிவை எடுத்துப் பாருங்கள். கடைகள், பொது உணவகங்கள், ஓட்டல்கள் என்று பெயர் சொல்லியே, அங்கே நுழைய எவருக்கும் தடை கூடாது என்கிறது. 17ஆவது பிரிவு தீண்டாமையையே ஒழித்தது. 1955இல் அதற்குத் தண்டனைச் சட்டமும் வந்தது. ஒரு தேசம் தன் சாசனத்தில் ஓட்டலைப் பற்றி எழுத வேண்டியிருந்தது என்றால், அந்த டீக்கடைப் பெஞ்சு எவ்வளவு பெரிய விஷயம்! அந்தக் கடைப் பையன் நாலு கிளாஸையும் ஒரே வாளியில் முக்கியது தானாக நடந்ததல்ல. அதற்குப் பின்னால் மறியலும் சிறையும் சட்டமும் இருந்தன. அது அவனுக்குத் தெரியாது என்பதுதான் அதன் வெற்றி.

சரி, கதைக்கு வருகிறேன். 1981 பொங்கல் விடுமுறைக்கு நாலு பேரும் எங்கள் ஊருக்குப் போனோம். மயிலாப்பூர்ப் பையனுக்கு மலை பார்க்க ஆசை. ஜமுனாமரத்தூர் வரை போய்த் திரும்பினோம். கடைசி நாள் மேத்ஸ் ஊருக்குப் போனோம். அவன் ஊரில் பஸ் நிற்கிற இடமே அந்த டீக்கடைதான். இறங்கியதும் மேத்ஸ் நேரே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தான். நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்தோம். "அண்ணே, நாலு டீ. நாலும் கண்ணாடி கிளாஸ்ல" என்றான்.

கடைக்காரர் அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். என் தகப்பனாரை அவருக்குத் தெரியும். "தம்பி, நீங்க சொல்லுங்க" என்றார். "அவன்தான் சொல்லிட்டானே அண்ணே. நாலு" என்றேன். கொஞ்ச நேரம் அடுப்புச் சத்தம் மட்டும்தான். கெமிஸ்ட்ரி சும்மா இருக்க மாட்டாமல் வாணியம்பாடியில் தோல் விலை ஏறின கதையைச் சொல்லத் தொடங்கினான். யாருக்கும் காதில் விழவில்லை. டீ வந்தது. நாலும் கண்ணாடி கிளாஸ். கையில் தரவில்லை, பெஞ்சின் ஓரத்தில் வைத்தார். குடித்தோம். சர்க்கரை போட்டாரா இல்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மேத்ஸ் குடித்து முடித்தான், கிளாஸைக் கழுவாமல் பெஞ்சின்மேல் வைத்தான், நாலு டீக்கும் காசு வைத்தான், எழுந்தான். அந்தக் கடையில் கழுவாமல் கிளாஸை வைத்தது அவன் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அதற்கு விலை கொடுத்தது அவன் இல்லை, அவன் அப்பா. நாங்கள் சென்னை திரும்பி ஒரு மாசம் கழித்து ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அந்த அறுவடைக்கு அவரை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. "பையன் பட்டணம் போயிட்டு வந்து பெஞ்சில உக்காருறான், நீ எதுக்குக் கூலிக்கு வர்றே?" என்று கேட்டார்களாம். மேத்ஸ் படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போகிறேன் என்று பெட்டியைக் கட்டிவிட்டான். அப்பாவே ரயிலேறி வந்தார். விடுதி வாசலில் நின்றபடி அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "நீ உக்காந்தது சரிதான் நைனா. எழுந்துடாதே. நான் டீத்தூளு வாங்கி வூட்லயே போட்டுக் குடிச்சிக்கிறேன்." அப்படியே செய்தார். அவர் காலமாகும் வரை அந்தக் கடையில் கால் வைக்கவில்லை. அன்றைக்கு அவரை எங்கள் திருவல்லிக்கேணிக் கடைக்கு அழைத்துப் போனோம். தம்ரூட் வாங்கிக் கொடுத்தோம். டீ குடித்து முடித்ததும் அவரும் கிளாஸோடு எழுந்தார். "வுடுப்பா, பையன் எடுத்துக்குவான்" என்றான் மகன்.

கணக்கு நோட்டைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? தேதி, கடை, தின்றது, செலவு என்று நாலு பத்தி போட்டிருப்பான். ஐந்தாவது பத்திக்குத் தலைப்பே கிடையாது. சில கடைகளுக்கு நேரே ஒரு டிக் மட்டும் இருக்கும். ருசிக்கு மார்க் போடுகிறான் என்று நாங்கள் நினைத்தோம். ரொம்ப நாள் கழித்து ஹிஸ்டரி கேட்டான்: "காளத்தி ரோஸ் மில்க்குக்கு டிக் போட்டியே, அந்தப் பெரிய ஓட்டல் பாதாம் அல்வாவுக்கு ஏண்டா போடலை? அதுதானே ருசி?" மேத்ஸ் சொன்னான்: "ருசிக்கு இல்லடா. உள்ள நுழையறப்போ நான் யாருன்னு எனக்கு ஞாபகம் வராத கடைக்கு டிக்." இத்தனை வருஷத்தில் எத்தனையோ ஓட்டல் விமர்சனம் படித்துவிட்டேன். இதைவிட நல்ல அளவுகோலை எவரும் வைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் 1982இல் பட்டம் வாங்கிப் பிரிந்தோம். கெமிஸ்ட்ரி 2021 மே மாதம், அந்தப் பொல்லாத கொரோனா அலையில் நம்மை விட்டுப் போனான். மேத்ஸ் எங்கள் பக்கத்திலேயே அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றான். இதோ அந்தக் கடைசி வரிசையில் எங்கோ உட்கார்ந்திருக்கிறான். "நடந்ததைச் சொல்லு, பேரைச் சொல்லாதே. இது எனக்கு மட்டும் நடந்தது இல்லை" என்று சொல்லித்தான் அனுமதி கொடுத்தான். பணியில் இருந்த காலம் முழுக்க ஒரு பழக்கம் வைத்திருந்தான். பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள், வகுப்பையே கடைவீதிக்கு அழைத்துப் போவான். காலனிப் பிள்ளை, ஊர்ப் பிள்ளை, மலையிலிருந்து இறங்கி வந்து படிக்கிற பிள்ளை, பெண் பிள்ளைகள் எல்லாரும் கலந்து பெஞ்சில் உட்கார வேண்டும். எல்லாருக்கும் டீயும் ஜிலேபியும். பாஸானவனுக்கும் உண்டு, ஃபெயிலானவனுக்கும் உண்டு. தோழியர்களே, உங்கள் கணக்கை நாங்கள் தீர்க்கவில்லை; அவன் தீர்த்துவிட்டான்.

இப்போது அந்த ஊர்க் கடையில் என்ன நிலவரம் என்று கேட்பீர்கள். அலுமினியத் தம்ளர் போய்விட்டது. சண்டை போட்டுப் போகவில்லை. பிளாஸ்டிக் கப் வந்தது, பிறகு பேப்பர் கப் வந்தது. எல்லாருக்கும் ஒரே கப், குடித்ததும் தூக்கிப் போடு. இரட்டைக் குவளை ஒழிந்தது என்று நாமும் மகிழ்ந்தோம். மேத்ஸ் மகிழவில்லை. "ஒரே வாளியில கழுவுறதுதாண்டா பரீட்சை. பேப்பர் கப்புல பரீட்சையே கிடையாது, எல்லாரும் பாஸ்" என்றான். 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தடை செய்தபோது, பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் அந்தப் பட்டியலில் இருந்தது. தடை முழுசாக நடைமுறைக்கு வந்ததா என்பது வேறு விஷயம். ஆனால் பல கடைகளில் கண்ணாடி கிளாஸ் திரும்பி வந்தது. சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று எல்லாரும் சொன்னார்கள். மேத்ஸ் மட்டும் பை எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் ஊராகப் போய் டீ குடித்துவிட்டு வந்தான். வாளி ஒன்றா இரண்டா என்று பார்க்க! ஒரே வாளி இருந்த கடைகள் நிறைய என்று சந்தோஷமாகச் சொன்னான். எல்லாக் கடையும் என்று சொல்லவில்லை.

போன வருஷம் நாங்கள் மூன்று பேரும் பழைய வழியில் ஒரு சுற்றுச் சுற்றினோம். ரத்னா கபேயில் இன்னும் சாம்பார் ஊற்றுகிறார்கள். காளத்தியில் ரோஸ் மில்க் கிடைக்கிறது. மூன்று பேரும் ஒன்று வாங்கிப் பகிர்ந்துகொண்டோம், டாக்டர்கள் மன்னிக்கட்டும். உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் 2008இல் மூடியாயிற்று. அந்த இடத்தில் 2010 முதல் செம்மொழிப் பூங்கா. அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, காபி இல்லாமலே பழைய பேச்சைப் பேசினோம். சாயங்காலம் ஹிஸ்டரியின் மகள் எங்களைப் புதுசாகத் திறந்த டெசர்ட் கடை ஒன்றுக்கு அழைத்துப் போனாள். கண்ணாடிச் சுவர், ஏ.சி., வாயில் நுழையாத பெயர்கள். பெண் பிள்ளைகள் தனியாக வந்து, யாரையும் பற்றிக் கவலைப்படாமல் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நம் காலத்தில் இல்லாதது. பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. ஏதோ கேக் வந்தது. நன்றாகவே இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

மேத்ஸ் கேக்கைப் பார்க்கவில்லை, கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே ஏழெட்டுப் பையன்கள். முதுகில் பெரிய பை, கையில் போன். உள்ளே தயாராகிற இனிப்பை வீடு வீடாகக் கொண்டு போகிறவர்கள். மழைத் தூற்றல். உள்ளே நாலு நாற்காலி காலியாக இருந்தது. ஆனால் அவர்கள் வெளியேதான் நின்றார்கள். ஒரு சின்னச் சன்னல் வழியாகப் பொட்டலம் வெளியே போயிற்று. மேத்ஸ் எழுந்து போய் ஒரு பையனிடம் ஏதோ பேசிவிட்டு வந்தான். "என்னடா கேட்டே?" என்றேன். "ஏம்பா உள்ள வந்து உக்காரக்கூடாதான்னு கேட்டேன். 'இங்கியே இருக்கோம் சார், காத்து வருது'ன்றான்" என்றான்.

சாதி கேட்டு அவர்களை யாரும் நிறுத்தவில்லை, ஒத்துக்கொள்கிறேன். சட்டத்தில் இது வேறு, அது வேறு. ஆனால் ஓர் இனிப்பைச் சுமக்கிறவன் அதை உட்கார்ந்து தின்கிற இடத்துக்குள் வரக்கூடாது என்று ஒரு வழக்கம் நம் கண்ணெதிரே உருவாகிக்கொண்டிருக்கிறது. அலுமினியத் தம்ளரும் ஒரு காலத்தில் இப்படி வெறும் வழக்கமாகத்தான் தொடங்கியிருக்கும்.

இந்த அரங்கில் அதிகாரிகள் இருக்கிறீர்கள், வியாபாரிகள் இருக்கிறீர்கள், சொந்தமாக ஓட்டல் வைத்திருப்பவர்களே இரண்டு பேர் இருக்கிறீர்கள். உங்களிடம் நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. கடை உங்களுடையது என்றால், கொண்டு போக வருகிற பையனுக்கு ஒரு நாற்காலியும் ஒரு கிளாஸ் தண்ணீரும் உள்ளே கொடுங்கள். கடை உங்களுடையது இல்லை என்றால், உங்கள் சொந்த ஊருக்குப் போகும்போது காரை வாசலில் நிறுத்தி டீயை வண்டிக்கே வரவழைக்காதீர்கள். இறங்கிப் போய்ப் பெஞ்சில் உட்காருங்கள். பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார், யார் நிற்கிறார் என்று பாருங்கள். வாளி எத்தனை என்று பாருங்கள். நிற்கிறவரை ஒரு முறை, "வாங்க, உக்காருங்க" என்று கூப்பிடுங்கள். அன்றைக்குக் கெமிஸ்ட்ரி மேத்ஸைக் கையைப் பிடித்து இழுத்து வந்ததற்கு மேல் இதில் வீரம் ஒன்றும் இல்லை.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். சாப்பாட்டு மணம் இங்கே வரை வருகிறது. பந்தியில் கடைசியாக ஒரு பாதுஷா வைக்கப்போவதாகத் தகவல். சர்க்கரைக்காரர்கள் பாதியைப் பக்கத்து இலைக்குத் தள்ளிவிடுங்கள். பக்கத்தில் யார் என்று பார்க்காமல் தள்ளுங்கள்.